வேகத்தைக் குறைத்த வருஷம்

ஒரு நாள் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த என் கணவர் கூப்பிட்டார்.

“இங்க வாயேன். இத யாரு எழுதுனது?”

போய்ப் பார்த்தேன். திரையில் எங்களுடைய செஸ் புரோகிராம் திறந்திருந்தது. அவர் விரல் வைத்துக் காட்டியது இரண்டே வரி. பலகையில் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சியிருந்தால் ஒரு குறிப்பிட்ட குறுக்குவழியில் போகாதே என்று புரோகிராமைத் தடுக்கும் வரிகள்.

“நீங்கதான் எழுதுனீங்க, மச்சான்.”

“நானா?” என்று சிரித்தார். “போ புள்ள. எவனோ நல்லா யோசிச்சி எழுதிருக்கான்.”

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். “அப்ப அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அப்போது எங்கள் வீடு சிதம்பரத்தில். நான் வேலை பார்த்தது கடலூரில் ஒரு பள்ளியில். தினமும் போய்வருவேன். அன்றைக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டும்போது அவருடைய சிரிப்பு மறுபடி நினைவுக்கு வந்தது. அதில் விளையாட்டே இல்லை. முகம் தெரியாத ஒருவனின் வேலையைப் பார்த்து மனதார மெச்சுகிற சிரிப்பு அது. அன்று வகுப்பில் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகமில்லை.

எங்கள் கல்யாணம் பெரியவர்கள் பேசி முடித்தது. நான் கடலூர் ஓல்டு டவுன். அவருக்குச் சொந்த ஊர் கிள்ளை. சிதம்பரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் போன வீட்டில் படுக்கையறையில் பாதியை ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் அடைத்துக்கொண்டிருந்தன. முதல் வாரம் நாங்கள் இருவரும் பேசியதே குறைவு. ஒரு மத்தியானம் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இது இங்க இருக்கறது ஒனக்குத் தொந்தரவா இருக்குதா?”

“இதுல என்னா பண்றீங்க?”

“செஸ் ஆடுற புரோகிராம் எழுதுறேன்.”

“ஆடுதா?”

“ஆடுது. ஆனா ஒரு காய நகத்துறதுக்குள்ள நான் பள்ளிவாசலுக்குப் போயி தொழுதுட்டே வந்துடலாம்.”

நானும் கம்ப்யூட்டர் படித்தவள்தான். எழுதியிருந்ததைக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு நகர்வையும் சோதித்துப் பார்க்கும்போது பலகை முழுவதையும் புதிதாக ஒரு பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். “எதுக்கு மொத்தப் பலகையயும் காப்பி எடுக்குறீங்க? நகத்திப் பாத்துட்டு, காய மறுபடி பழைய எடத்துலயே வெச்சிட்டாப் போதாதா?” என்று கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை என் முகத்தை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை என்று பின்னாட்களில் கேலி செய்வேன். அவர் மறுத்ததில்லை.

அன்று சாயங்காலமே அதை மாற்றி எழுதினோம். புரோகிராம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வேகமாகிவிட்டது. அவர் எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு முறை நடந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

செஸ் ஆடத் தெரியாதவர்களுக்கும் இது புரியும். ஒரு நிலையில் நாம் நகர்த்தக்கூடிய வழிகள் ஏறக்குறைய முப்பது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிராளி சொல்லக்கூடிய பதில் இன்னொரு முப்பது. அதற்கு நம் பதில் மறுபடி முப்பது. ஐந்தாறு நகர்வு முன்னால் பார்ப்பதற்குள் கணக்கு கோடிகளுக்குப் போய்விடும். எல்லாவற்றையும் பார்க்க எந்த இயந்திரத்துக்கும் நேரம் போதாது. ஒன்று, பார்க்கிற வேகத்தைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால், பார்க்க வேண்டாதவற்றைப் பார்க்காமல் விடத் தெரிய வேண்டும். ஒரு நகர்வு மோசம் என்று தெரிந்துவிட்டால் அது எவ்வளவு மோசம் என்று அளந்துகொண்டிருக்கத் தேவையில்லை, விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இந்த ஒரு யோசனையிலேயே பாதிக்கு மேல் வேலை குறைந்துவிடும். ஆனால் நல்ல நகர்வை முதலில் பார்த்திருந்தால்தான் மற்றவற்றை மோசம் என்று சீக்கிரமாகத் தள்ள முடியும். எது நல்லதாக இருக்கும் என்று முன்கூட்டியே வரிசைப்படுத்த வேண்டும். அந்த வரிசைப்படுத்தலுக்கும் நேரம் செலவாகும்.

அங்கேதான் எங்கள் சண்டை. நான் வேகத்தின் கட்சி. ஒவ்வொரு நொடியிலும் எத்தனை நிலைகளைப் பார்க்கிறது என்ற எண் கூடினால் எனக்குச் சாப்பாடு இறங்கும். அவர் அப்படியில்லை. குறைவாகப் பார்த்தாலும் விவரமாகப் பார்க்க வேண்டும் என்பார்.

“பாத்தீங்களா, நேத்தய விட ஜாஸ்தி.”

“ஜாஸ்தியா பாத்து என்னா? பாக்குறது பூரா குப்ப. அந்த யானைய ஓரத்துல அடச்சி வெச்சிருக்கு, அதுகூடத் தெரியல அதுக்கு.”

“நீங்க ஒவ்வொரு எடத்துலயும் நின்னு ராஜாவுக்குக் காத்து வருதா, யானைக்கு வெளிச்சம் வருதான்னு பாத்துட்டு இருங்க. அதுக்குள்ள எதிராளி ரெண்டு நகர்வு ஆழமாப் போயிடுவான்.”

“போவட்டும். ஆழமாப் போயி தப்பான எடத்துல நிப்பான்.”

சண்டையைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. அவர் திருத்திய பிரதி ஒன்று, நான் திருத்திய பிரதி ஒன்று என்று இரண்டையும் மோதவிடுவோம். காலையில் ஓடவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவோம். சாயங்காலத்துக்குள் ஏராளமான ஆட்டங்கள் முடிந்திருக்கும். அவர்தான் முதலில் வீட்டுக்கு வருவார். நான் பஸ் நிலையத்திலிருந்து நடந்து வந்து கதவைத் தட்டினால், திறக்கும்போது அவர் முகத்திலேயே முடிவு தெரிந்துவிடும். என் பக்கம் ஜெயித்திருந்தால் அதற்குப் பிறகுதான் டீ போடப் போவார். அவர் பக்கம் ஜெயித்திருந்தால் டீ தயாராக இருக்கும்.

புரோகிராமுக்கு நாங்கள் பெயரே வைக்கவில்லை. ‘நம்மளுது’ என்றுதான் சொல்வோம். “நம்மளுது இன்னைக்கு நல்லா ஆடுச்சு.” மகள் பிறந்து, பேச ஆரம்பித்த பிறகு, தனக்கு ஒரு தம்பி கம்ப்யூட்டருக்குள் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

எங்களைப் போல வீட்டில் உட்கார்ந்து செஸ் புரோகிராம் எழுதுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் இணையத்தில் நடத்திய ஒரு போட்டியில் நாங்களும் சேர்ந்தோம். ஒரு ஆட்டம் சரிசமமாகப் போய்க்கொண்டிருந்தது. ராஜாக்களும் சில சிப்பாய்களும் மட்டும்தான் மிச்சம். நம்மளுது தனக்கு எந்த ஆபத்தும் இல்லை என்றே காட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று தோற்றுப்போனது.

காரணம் நான் சேர்த்திருந்த ஒரு குறுக்குவழி. எதிராளிக்கு ஒரு முறை நகர்த்தும் வாய்ப்பை இலவசமாகக் கொடுத்தும் நம் நிலை நன்றாகவே இருக்கிறது என்றால், அந்தக் கிளையை மேற்கொண்டு ஆராய வேண்டாம், நல்ல நிலை என்று முடிவு கட்டிவிடலாம். பெரிய பெரிய புரோகிராம்களிலும் இது உண்டு. நேரம் ஏராளமாக மிச்சமாகும். ஆனால் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் சில நிலைகளில் நகர்த்துவதே நஷ்டம். சும்மா இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் சும்மா இருக்க ஆட்டத்தில் விதி இல்லை. அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவர், பிரியாணியைத் தட்டில் ஆறவிட்டுவிட்டு, தோற்ற ஆட்டத்தை நகர்வு நகர்வாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் அந்த இரண்டு வரியை எழுதினார். “வேகம் வேணாம்னு சொல்லல. எங்க வேணாம்னு அதுக்கும் தெரியணும்ல” என்றார்.

அந்த இரண்டு வரியைத்தான், இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து, யார் எழுதியது என்று என்னிடம் கேட்டார்.

அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் புரோகிராமில் ஒரு எண்ணை மாற்றுவார். மாற்றியதையும் பழையதையும் மோதவிடுவார். சாயங்காலம் முடிவைப் பார்த்துவிட்டு எண்ணைப் பழையபடி ஆக்குவார். மறுநாள் காலையில் அதே எண்ணை, அதே மாதிரி மாற்றுவார். புதிய யோசனை வந்த உற்சாகத்தோடு என்னைக் கூப்பிட்டு விளக்குவார். நான் கேட்டுக்கொள்வேன். ஒரு நாள் மோதவிட்ட இரண்டு பிரதியும் ஒரே பிரதியாக இருந்தது. முடிவு சரிக்குச் சரியாக வந்திருந்தது. “பாத்தியா, கஷ்டப்பட்டு எழுதியும் ஒரு முன்னேத்தமும் இல்ல” என்று வருத்தப்பட்டார்.

பாலிடெக்னிக்கிலிருந்து ஒரு ஆசிரியர் எனக்கு போன் செய்தார். “அக்கா, சாருக்கு ஒடம்பு எதாவது முடியலயா? முடிச்ச பாடத்தயே மறுபடி எடுக்குறாரு. பசங்க ஒண்ணும் சொல்லல. அவர்மேல அவ்ளோ மரியாத. ஆனா மூணாவது தடவயா எடுக்குறாரு.” இன்னொரு நாள் பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், கீழ வீதியில் ஒரு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கடைக்காரர் தெரிந்தவர். அவர்தான் அழைத்துவந்து விட்டார். இருபது வருஷத்துக்கும் மேல் தினமும் நடந்த தெருக்கள் அவை.

பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் இளவயதுக்காரர், பொறுமையானவர். ஒரு தாளைக் கொடுத்து, கடியாரம் ஒன்று வரைந்து பத்து மணி பத்து நிமிஷம் காட்டச் சொன்னார். என் கணவர் வட்டம் போட்டார். எண்களை எல்லாம் வலது பக்கத்திலேயே நெருக்கி எழுதினார். முள் வரையவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, டாக்டர் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டார். உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, செஸ் புரோகிராம் எப்படித் தேடுகிறது, தேவையில்லாத கிளைகளை எப்படி வெட்டுகிறது என்று அழகாகச் சொன்னார். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. டாக்டரைப் பார்த்தேன். அவர் அந்தக் கடியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேன் எல்லாம் முடிந்து, மறதி நோய்தான், இந்த வயதிலேயே வந்துவிட்டது, நிறுத்த மருந்தில்லை, கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார்கள். திரும்பும் பஸ்ஸில் கெடிலம் பாலம் வந்தபோது அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்.

“நம்மளுதுல இனிமே நான் கை வெக்கல. நீயே பாத்துக்க.”

“ஏன் மச்சான்? வழக்கம்போல எழுதுங்க. நான் சரி பாக்குறேன்.”

“வேணாம். நான் தொட்டா கெட்டுப்போயிடும். அது எனக்கே தெரியுது.”

பஸ்ஸில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நான் துப்பட்டாவை முகத்துக்கு இழுத்து விட்டுக்கொண்டேன்.

சொன்னபடியே அதன் பிறகு அவர் எழுதவில்லை. வேலையை விட்டாயிற்று. பகலெல்லாம் நம்மளுதோடு ஆட ஆரம்பித்தார். அது எப்போதோ எங்கள் இருவரையும் விடப் பலசாலி ஆகிவிட்டது. முன்பெல்லாம் தோற்றால் சந்தோஷப்படுவார், நம்ம பிள்ளை நம்மை ஜெயிக்கிறது என்று. இப்போது அது எப்போதும் ஜெயிக்கும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. தன் ஆட்டம் இன்றைக்குத்தான் கெட்டுப்போனது என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார். “நேத்துகூட நல்லாத்தானே ஆடுனேன்” என்பார். ஒரு நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நாற்பது பேர் வகுப்பை ஒரு பார்வையில் அடக்கியவர், குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அன்றைக்குத்தான் அதன் ஆழத்தைக் குறைத்தேன். பல நகர்வு முன்னால் பார்ப்பதை, மூன்று நகர்வுக்கு மேல் பார்க்காதே என்று ஆக்கினேன். வெட்டுவது, வரிசைப்படுத்துவது எதுவும் தேவைப்படாத அளவுக்குச் சின்ன வேலை. அவர் காயை நகர்த்தினார். மவுஸிலிருந்து கை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. இன்னொன்று நகர்த்தினார். அதற்கும் அப்படியே.

“என்னா இது?” என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். “யோசிக்கவே மாட்டேங்குது?”

அதனால் இன்னொரு வரி எழுத வேண்டியிருந்தது. பதில் கிடைத்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு நகர்த்து என்கிற வரி. இதைவிடச் சுலபமான ஒன்றை நான் எழுதியதில்லை. எழுதிவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு பங்கை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு கோடை விடுமுறை முழுவதையும் செலவழித்திருக்கிறேன். மகளுக்குக் காய்ச்சல் அடித்தபோதுகூட ஒரு கையால் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்திருக்கிறேன். அப்படிச் சேர்த்த நேரத்தையெல்லாம் எடுத்து வீணாகக் கொட்டு என்று என் கையாலேயே அதற்குச் சொன்னேன்.

மறுநாள் அவர் ஜெயித்தார். சமையலறைக்கு ஓடிவந்தார். “புள்ள, புள்ள, செக்மேட்டு!” சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னார். “வாப்பா ஜெயிச்சிட்டேம்மா. நம்மளுத ஜெயிச்சிட்டேன்.” அவளுக்கு விஷயம் தெரியும். “மாஷா அல்லாஹ், வாப்பா” என்று சிரித்தாள். பிறகு போனை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அவள் வீட்டு மின்விசிறி மட்டும்தான் தெரிந்தது.

சில மாதங்கள் அப்படிப் போயின. அவர் ஆட்டம் இறங்க இறங்க நானும் இறக்கிக்கொண்டே வந்தேன். மூன்று நகர்வு இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. அவர் அதற்குக் கற்றுக்கொடுத்திருந்த விவரங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். ராஜாவுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்ப்பதை எடுத்தேன். யானை அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பதை எடுத்தேன். பள்ளியில் வேலை நேரத்தில் இதையே யோசித்துக்கொண்டிருப்பேன், இன்னும் எதை எடுக்கலாம் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் பக்கத்தில் உட்கார்ந்து மல்லித்தழை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“இதுக்கு என்னா ஆச்சு?”

“எதுக்கு மச்சான்?”

“நம்மளுதுக்கு. குதிரய சும்மா வெட்டுக்குடுத்துட்டுப் போவுது பாரு. முன்ன இப்டி ஆடாது.”

“நீங்க நல்லா ஆடுறீங்க. அதான்.”

தலையை ஆட்டி மறுத்தார். திரையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அதற்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னார்.

“இல்ல புள்ள. அதுக்கு ஒடம்பு சரியில்ல. பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போயி காட்டணும். ஆனா அங்க ஒரு டாக்டரு இருக்காரு, கடியாரம் வரையச் சொல்லுவாரு. பாவம், அதுக்கு வராது.”

நான் மல்லித்தழையைக் கீழே வைத்தேன். அவர் கண்ணில் நீர் நின்றது. தனக்காக இல்லை. அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருந்ததற்காக.

அன்றைக்கே பழைய பிரதியை எடுத்து ஓடவிட்டேன். முழு ஆழம், முழு வேகம், எல்லா விவரமும். அவர் ஆடினார். சீக்கிரமே தோற்றார். நான் பயந்துகொண்டே பக்கத்தில் நின்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, “இப்ப தேவல” என்றார். “காச்சல் வந்துட்டுப் போனாப்ல இருந்திருக்கு.”

அதன் பிறகு குறைக்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளிலேயே காய்கள் எப்படி நகரும் என்பது அவருக்குக் குழம்பியது. யானையை மூலைவாட்டில் தள்ளுவார். புரோகிராம் மறுத்துக் காயைத் திரும்ப வைத்துவிடும். மறுபடி தள்ளுவார். அதனால் ஆடும் வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட்டேன். பழையபடி இரண்டு பிரதிகளை மோதவிட்டேன். அவருடைய நிதானமான பிரதி வெள்ளை, என்னுடைய அவசரக்காரப் பிரதி கறுப்பு. அவர் நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு காய் வெட்டுப்பட்டால் “அச்சச்சோ” என்பார். எது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. யார் ஜெயித்தாலும் சந்தோஷப்பட்டார்.

ஒரு நாள் நான் பள்ளியில் இருந்தபோது கிள்ளையிலிருந்து போன் வந்தது. சிதம்பரம் ஸ்டேஷனுக்குத் தானாகவே நடந்துபோய், பாசஞ்சர் ரயில் ஏறி, அடுத்த ஸ்டேஷனில் சரியாக இறங்கியிருக்கிறார். அவர்களுடைய பழைய வீட்டை விற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது அங்கே இருப்பவர்கள் மீன் ஏலக்காரர் குடும்பம். வாசல்படியில் வந்து உட்கார்ந்து, உம்மா எங்கே என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டம்மா உள்ளே கூப்பிட்டு, சோறு போட்டு, அவர் சட்டைப்பையில் நான் வைத்திருந்த நம்பருக்குக் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தம்மா சொன்னார்: “ஒண்ணும் தொந்தரவு பண்ணலம்மா. அவுங்க அம்மா சந்தைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி வெச்சேன். வேற என்னா சொல்றதுன்னு தெரியல.”

அந்த வருஷமே சிதம்பரம் வீட்டைக் காலி செய்துவிட்டு, கடலூரில் என் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டேன். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா வருகிறார்கள். மத்தியானம் நான் வந்து சோறு ஊட்டிவிட்டுப் போவேன்.

கடலூருக்கு வந்த கொஞ்ச காலத்தில் ஒரு மத்தியானம், நான் தட்டோடு பக்கத்தில் நின்றபோது, அவர் நாற்காலியில் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

“உக்காருங்க” என்றார். “நின்னுட்டே இருக்கீங்களே.”

கல்யாணமான நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்று பேசியவர். கோபத்தில்கூட அவர் என்னை நீங்க என்றதில்லை. நான் உட்கார்ந்தேன். “சாப்புடுங்க மச்சான்” என்றேன்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். “நீங்க நம்ம ஊரா? மச்சான்னு கூப்புடுறீங்க?”

“ஆமாங்க,” என்றேன். “நம்ம ஊருதான்.”

அதிலிருந்து இன்றுவரை நீங்கதான்.

வேறு என்ன செய்வதென்று தெரியாத நேரங்களில் நான் நம்மளுதில் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு மாற்றம் செய்தேன். முன்பைவிட மிகக் குறைவான நிலைகளைத்தான் பார்க்கிறது. வேகக் கணக்கில் அது எனக்கு அவமானம். ஆனால் எல்லாப் பழைய பிரதிகளையும் ஜெயிக்கிறது. அவர் காலமெல்லாம் சொன்னதுதான் சரியாக வந்திருக்கிறது. முடிவைப் பார்த்தவுடன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சொல்ல வேண்டிய ஆள் அடுத்த அறையில்தான் இருந்தார்.

போய்ச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். எங்கே வெட்டினேன், எதை வரிசையில் முன்னே கொண்டுவந்தேன், ஏன் அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று. மரியாதையாகக் கேட்டார். இடையில் ஒரு முறை ம் என்றார். முடித்ததும், “நல்லதுங்க” என்றார். “நல்லா வரும்.” “ஜெயிச்சிட்டீங்க மச்சான்” என்றேன். அவர் சிரித்தார். எதற்கென்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த ஆள் ஏதோ நல்ல செய்தி சொல்கிறாள், கூடச் சிரிப்பதுதான் முறை என்கிற சிரிப்பு.

மகள் வரச் சொல்லிக் கூப்பிடுகிறாள். இரண்டு பேரும் வந்து கொஞ்ச நாள் இருங்கள் என்கிறாள். விமானத்தில் அவரை எப்படி அழைத்துப் போவது என்று தெரியவில்லை. அவள் லீவு கிடைக்கும்போது வருகிறாள். வந்தால் அவர் அவளையும் உட்காரச் சொல்கிறார்.

நேற்று சாயங்காலம் மழை. வேலைக்கு வரும் அம்மா டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்து, இரண்டாக உடைத்து, பெரிய துண்டை என் பக்கம் நீட்டினார். “எடுத்துக்குங்க. எவ்ளோ நேரமா வேல பாக்குறீங்க.” வாங்கிக்கொண்டேன். டீயில் முக்கிச் சாப்பிட்டோம். வெளியே தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, மழை விடட்டும், விட்டதும் போகலாம், அவசரமில்லை என்று என்னிடம் சொன்னார்.